அம்மாவின் ஓட்டு

வாக்குச்சாவடியில் விரலில் வைத்த மையின் நெடி என்னைப் பழைய நாகல் நகர் வீட்டுக்கு இழுத்துப் போனது.

அங்கே திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் குடியரசுத் தலைவர்களின் படம் போட்ட சார்ட் தொங்கும். வாத்தியாரான அப்பா மாட்டியது. தேர்தல் சமயத்தில், ஜெபமாலை முடிந்ததும் அவர்கள் பெயர்களை நாங்கள் வரிசையாகச் சொல்ல வேண்டும். “நம்ம ஓட்டுத்தான் கை மாறிக் கை மாறி அந்த நாற்காலிக்குப் போகுது” என்பார்.

அம்மாவை அடக்கம் செய்த மறுமாதமே ஒரு தேர்தல். என்னையும் கூட்டிக்கொண்டு அப்பா ஓட்டுப் போடப் போனார். பட்டியலைப் பார்த்த தேர்தல் அலுவலர் நிமிர்ந்து, “உங்க சம்சாரம் காலையிலேயே போட்டுட்டுப் போயிட்டாங்களே சார்” என்றார்.

திரும்பி வரும் வழியில் அப்பா சொன்னார்: “அம்புட்டுத் தூரம் வந்தவ, வீட்டுக்கு வராமயா போவா?”

அன்று ஜெபமாலை முடிந்ததும் பெயர்களைச் சொல்லக் காத்திருந்தோம். அப்பா மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போனார்.

இன்று வெளியேறும்போது, ஒரு கட்சி ஏஜெண்டின் மடியிலிருந்த பட்டியல் கண்ணில் பட்டது. மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் அடக்கம் செய்த அப்பாவின் பெயர்மேல், ஓட்டுப் போட்டதற்கான சிவப்புக் கோடு.

அவரும் வீட்டுக்கு வரவில்லை.