பாலம்மா சொல்லாத பெயர்

புசல்லாவைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பாலம்மா கொழுந்து பறிப்பவள். அவள் புருஷன் கணபதி கொழும்பில் அரிசி மூட்டை தூக்குகிறான். அவன் ஊருக்கு வருவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே. மற்ற நாட்களிலெல்லாம் அவன் அவளுக்கு ஒரு மிஸ் கோல்தான். வேலை முடிந்து அறைக்குத் திரும்பியதும் ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவான். அவள் எடுக்கமாட்டாள். 'வந்துட்டேன், நீ சாப்பிட்டியா, புள்ள புஷ்பம் என்ன செய்யுது' என்ற அத்தனையும் அந்த ஒற்றை மணியில் அவளுக்குக் கேட்டுவிடும். அது கொழும்பு குண்டும் பொலிஸ் சோதனையுமாகக் கிடந்த இரண்டாயிரத்து எட்டாம் வருடம். அந்த மணி கேட்ட பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஒரு நாள் மத்தியானம், கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றபோது போன் அடித்தது. மணி நிற்கவே இல்லை.

"எடுடி! ஒன் மாப்பிள்ளைக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு!" என்று சிரித்தாள் பக்கத்தில் நின்ற பாப்பம்மா.

எடுத்தாள். கணபதியின் போனில், சிங்களச் சாயலில் வேறொரு குரல்.

"பொலிஸ். இந்த ஆள் ஒங்கட புருசன் சொல்றது. ஐடென்டி கார்ட்ல படம் அழிஞ்சு போனது. ஆளுட பேர் என்ன? சரியாச் சொன்னா விடுறது. இல்லாட்டி லொறியில ஏத்துறது."

தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பெயரைப் பாலம்மா வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கோயிலில்கூட அந்தப் பெயரை விட்டுவிட்டு, பிள்ளையாரே என்றுதான் கும்பிடுவாள்.

"புஷ்பம் அப்பாங்க, சார்."

"புஷ்பமப்பா? கார்ட்ல வேற பேர்!"

"புள்ளையாரு பேருதாங்க, சார்..."

"பிள்ளையாரா? ஒரு ஆளுக்கு எத்தன பேர்? பொய் சொல்றது நீங்க!"

"குடு, நான் சொல்றேன்," என்று பாப்பம்மா கை நீட்டினாள். பாலம்மா தரவில்லை. வேறு பெண் குரல் கேட்டால் சந்தேகம் இன்னும் கூடுமே! அந்தப் பக்கம் லொறி உறுமியது. சொன்னால் ஆயுள் குறையும். சொல்லாவிட்டால் ஆளே திரும்பி வருவானோ?

கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"கணபதி! ராமையா மகன் கணபதிங்க, சார்!"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம், "ஹரி" என்று ஒரே சொல்; சிங்களத்தில் 'சரி'. போன் துண்டிக்கப்பட்டது.

பாலம்மா கூடையோடு தரையில் உட்கார்ந்து விம்மினாள். மறுபடியும் மணி அடித்தது. இம்முறை அவன்.

"விட்டுட்டாங்க, பாலம்மா."

"மன்னிச்சிருங்க. பேரச் சொல்லிட்டேங்க..."

"ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாங்க. கேட்டுச்சு." அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "ஊரே கூப்புட்ட பேருதான். இன்னைக்குத்தான் எனக்குன்னு வச்ச மாதிரி இருக்கு. இன்னொருக்காச் சொல்லேன்."

"ஐயோ, போங்க!" என்றாள் பாலம்மா. ஈரக் கன்னத்தில் இரண்டு போட்டுக்கொண்டு, அவன் ஆயுளுக்காகப் பிள்ளையாரிடம் மன்றாடத் தொடங்கினாள்.