சின்னையாவுக்குப் பதவி உயர்வு இல்லை

"குட் மோர்னிங், சேர்" என்று நான் சொன்னதும் தண்ணீர்க்குழாய் பிடித்திருந்த என் புது முதலாளியின் கை அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை. அது அவருடைய இடது சப்பாத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மனிதர் அதைக் கவனிக்காமல் என்னைப் பார்த்து, "நொட் யெட்" என்றார். இன்னும் இல்லையாம். என்ன இன்னும் இல்லை? விடியவில்லையா? பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தச் செடி நேர்சரியில் அன்றுதான் எனக்கு முதல் நாள் வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாக முடியவில்லை. ஊரில் ஒரு அரசாங்கக் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தவள் நான். மேலே இருக்கிற எல்லாருக்கும் "சேர்" போட்டே வாய் பழகியிருந்தது. மரியாதையாக ஒரு காலை வணக்கம் சொன்னதற்கு ஒரு மனிதர் இப்படி முகம் வெளிறிப்போவார் என்று நான் எங்கே கண்டேன்?

தேநீர் நேரத்தில் அவருடைய மனைவிதான் விஷயத்தைச் சொன்னார். அவர் இந்த நாட்டில் பிறந்தவர், பக்கத்திலேயே பள்ளிக்கூட ஆசிரியை, லீவு நாட்களில் முழங்கால்வரை கம்பூட்ஸ் சப்பாத்து மாட்டிக்கொண்டு வந்து எங்களோடு உரம் அள்ளுவார். கணவர் அயர்லாந்தில் ஒரு பழைய பிரபு வீட்டின் இரண்டாவது பிள்ளை. அந்தக் குடும்பத்தில் "சேர்" என்பது பரம்பரைப் பட்டம், தகப்பனுக்குப் பிறகு மூத்தவனுக்குப் போகும். மூத்தவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே அண்ணன் கண்ணை மூடினால் அந்தச் "சேர்" இவர் தலையில் வந்து உட்காரும், அதற்கு முன்னால் இவர் வெறும் மிஸ்டர். எனக்கு வாயில் வைத்த பிஸ்கற் இறங்கவில்லை. ஐயோ கடவுளே, வேலைக்கு வந்த முதல் நாளே விடியக்காலமை மனுசன்ர அண்ணனை நான் கொன்றுபோட்டேன்!

சரி, "சேர்" கூடாது. அப்படியென்றால் என்னவென்று கூப்பிடுவது? இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் நேர்சரி வானை ஓட்டிய மலேசியத் தமிழர் ஒருவர், லின்ஃபீல்டில் இருந்து வருபவர், அவர்கூட அறுபதை நெருங்கிய அந்த மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முதுகில் தட்டுவார். எனக்கு நாக்கு எழும்பவில்லை. கொஞ்ச நாள் "எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ" என்றே காலத்தைத் தள்ளினேன். பிறகு ஒருநாள், மல்லித்தழை நாற்றுத் தட்டுகள் சரியப் போன அவசரத்தில், என்னையறியாமல் "சின்னையா, பிடியுங்கோ!" என்று கத்திவிட்டேன். தட்டைப் பிடித்துக்கொண்டே அது என்ன என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அப்பாவின் அண்ணனைப் பெரியையா என்போம், தம்பியைச் சின்னையா என்போம், வீட்டில் ஐயாமார் இருவர் இருந்தால் இளைய ஐயாவையும் அப்படித்தான் சொல்லுவோம் என்று விளக்கினேன். இரண்டு மூன்று தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். அவருக்கு அது பிடித்துவிட்டது. அன்று பின்னேரம் பையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல "போட்டு வாறன்" என்று சொன்னேன், அதற்கும் விளக்கம் கேட்டார். போகிறேன் என்று மட்டும் சொல்லக்கூடாது, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவேண்டும் என்றேன். அதற்குப் பிறகு நான் "போட்டு வாறன், சின்னையா" என்றால் அவர் அந்தக் கரடுமுரடான அயர்லாந்து நாக்கால் "ஓம், வாங்கோ" என்பார்.

நாங்கள் கதைத்ததெல்லாம் இங்கிலீஷில்தான். ஆனால் என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார், அதற்கு நான் என்ன செய்ய? கன்றுகளைச் சாடி மாற்றும்போதுதான் அவருக்கு வாய் திறக்கும். கை மண்ணில் இருக்கவேண்டும், கண் என்னைப் பார்க்கக்கூடாது, அப்போதுதான் கதை வரும். தகப்பனுடைய சாவீட்டில் நடந்த கதையை அப்படித்தான் சொன்னார். பெரிய வீடு, மழை ஒழுகும் கூரை, நீண்ட சாப்பாட்டு மேசை, அதன் தலைமாட்டில் தகப்பனுடைய கதிரை. அடக்கம் முடிந்து வந்து எல்லாரும் குடித்துக்கொண்டிருந்தார்களாம். இவருக்கும் கொஞ்சம் ஏறிவிட்டது. யாரோ ஒரு மாமன் முறைக்காரர், "இனி உன் பாடு என்னடா?" என்று கேட்க, இவர் அந்தக் கதிரையில் கையை வைத்து, "எனக்கென்ன, நான் வரிசையில நிக்கிறன்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். திரும்பிப் பார்த்தால் அண்ணன் வாசலில் நிற்கிறார், கூடவே அவருடைய மனைவி. அவர்களுக்குப் பிள்ளை தங்காமல் போன வருடமாம் அது. அண்ணன் ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகு இருபத்துச் சொச்ச வருடமாகப் பேசவேயில்லை. இவர் கப்பலேறி வந்து, கல்யாணம் முடித்து, ஒரு மகளைப் பெற்று, மண்ணும் சாடியுமாக இருந்துவிட்டார்.

அடுத்த வசந்தத்தில், ஒரு காலை வேளையில் அயர்லாந்திலிருந்து போன் வந்தது. அண்ணனின் மனைவிதான் எடுத்திருந்தார். அண்ணனுக்குக் கடுமையான வருத்தம், கிறிஸ்மஸ் காணமாட்டார் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்களாம். அன்று தொடங்கியது சின்னையாவின் அலைச்சல். குட்டி போட்ட பூனை மாதிரி அந்தக் கண்ணாடிக் கொட்டகைக்குள் மேலும் கீழும் நடந்தார். நான் தண்ணீர் விட்ட தட்டுக்கே வந்து மறுபடி தண்ணீர் விட்டார், அவர் போனதும் மலேசியக்காரர் வந்து, "என்னம்மா, நீ ஊத்தலையா?" என்று தன் பங்குக்கும் ஊற்றினார். துளசி இனமெல்லாம் வேரழுகிச் செத்தது. விமான ரிக்கற் போட்டார், ரத்துச் செய்தார், திரும்பவும் போட்டார். உள்ளே போன் அடித்தால் ஓடுவார், எடுக்காமல் வாசலில் நிற்பார். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண், சிரித்த முகம். அவள்கூட, "அப்பா, ஒன்றில் போங்கள், இல்லாவிட்டால் உட்காருங்கள்" என்று அழாக்குறையாகச் சொன்னாள். போனால் அண்ணன் என்ன நினைப்பார், வரிசையில் நின்றவன் முன்னுக்கு வந்துவிட்டான் என்றல்லவா நினைப்பார்? இதுதான் மனிதரைத் தின்றது. போகாவிட்டால், சமாதானமாகாமலே அண்ணன் கண்ணை மூடிவிடுவார், அடுத்த தடவை யாராவது "சேர்" என்று கூப்பிடும்போது அது உண்மையாகவே இருக்கும்.

அந்த நாட்களில் எனக்கும் நெஞ்சு ஓரிடத்தில் நிற்கவில்லை. எனக்கு இரண்டு அண்ணன்மார். பெரியண்ணா நாங்கள் இங்கே வருவதற்குக் கொஞ்சம் முன்னர் ஊரில் காய்ச்சலில் போய்விட்டார். சண்டையில் பாதை பூட்டி நாங்கள் கொழும்பில் நின்ற நேரம், எடுத்து முடித்தபிறகுதான் எனக்குச் செய்தியே வந்தது. வாய்க்கு ஒரு பிடி அரிசி போட நான் இருக்கவில்லை. இங்கே இந்த மனிதர் கையில் ரிக்கற்றை வைத்துக்கொண்டு ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது என் மாமியாரே ஒத்துக்கொண்ட விஷயம். அவர் மூன்றாம் முறையாக அதே தக்காளிக் கன்றுக்குக் குழாயை நீட்டியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாயைப் பறித்துக் கீழே போட்டேன்.

"உங்களுக்கென்ன விசரோ? எனக்குப் போக விருப்பம், போகேலாமல் போச்சு. உங்களுக்குப் பாதை திறந்து கிடக்குது, நீங்கள் தக்காளிக்குத் தண்ணி விடுறியள்!"

முழுவதும் தமிழ். மனிதருக்கு ஒரு சொல் விளங்கியிருக்காது. ஆனால் நான் அழுதது விளங்கியது. கவிழ்த்துவைத்த பெட்டி ஒன்றில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னார். பெரியண்ணாவின் கதையை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார்.

"பெரியண்ணா போனபிறகு, உன்ர சின்னண்ணாதானே வீட்டுக்கு மூத்தவர்? இப்ப அவரைப் பெரியண்ணா எண்டு கூப்பிடுவியளோ?"

"சீ, அதெப்படி? அவர் சின்னண்ணாதான்."

"எப்பவும்?"

"சாகும் வரைக்கும். பெரியண்ணா எண்டால் அவர் ஒருத்தர்தான்."

"அப்ப சின்னையாவுக்கு?"

"அவருக்கும் அப்படித்தான். எங்கட ஊரில இதுக்குப் பதவி உயர்வு இல்லை."

அவர் வாய்விட்டுச் சிரித்தார், பிறகு தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தக் கிழமையே மனைவி அவரை விமானத்தில் ஏற்றிவிட்டார்.

அண்ணன் கிறிஸ்மஸுக்கு முன்னமே கண்ணை மூடிவிட்டார். செய்தி கேட்ட மலேசியக்காரர், சின்னையா திரும்பி வருகிற அன்று காலையில் பெரிய கேக் ஒன்றோடு வந்து நிற்கிறார், மேலே நீல எழுத்தில் "கொங்கிராஜுலேஷன்ஸ் சேர்" என்று! "டைட்டில் கெடச்சிருச்சுல்ல, கொண்டாட வேணாமா லா?" என்றார். பாவம், நல்ல மனிதர், பட்டம் வந்தால் சந்தோஷம் என்பதுதான் அவருக்குத் தெரியும். "அது செத்தவீடு அண்ணை! செத்தவீட்டுக்கு ஆராவது கேக் கொண்டு வருவினமோ? அங்கை ‘போட்டு வாறன்’ எண்டுகூடச் சொல்லிக்கொண்டு வெளிக்கிடக் கூடாது" என்று நான் பாய்ந்து, கரண்டியால் அந்த எழுத்தை வழித்தெடுத்தேன். எழுத்துப் போன கேக்கைத் தேநீருக்கு வெட்டிச் சாப்பிட்டோம். சின்னையாவும் இரண்டு துண்டு சாப்பிட்டார், விமானத்தில் ஒன்றும் இறங்கவில்லையாம்.

அங்கே நடந்ததை, வழக்கம்போல மண்ணில் கையை வைத்துக்கொண்டுதான் சொன்னார். அறைக்குள் போனதும் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். "கதிரையைப் பார்க்க வந்தனியோ?" என்று கேட்டாராம். இவர் மன்னிப்புக் கேட்க எவ்வளவோ சொற்களை விமானத்தில் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தார், ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில், "ஒரு தமிழ்ப் பெண் எனக்கு ஒரு பட்டம் தந்திருக்கிறா. இளையவன் எண்டு அர்த்தம். நீ போனாலும் அது மாறாதாம்" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் மெல்ல இந்தப் பக்கம் திரும்பி, அது என்ன சொல், சொல்லிக் காட்டு என்றாராம். அதற்குப் பிறகு இருந்த சொற்ப நாளும் அதைச் சொல்லியே வேலை வாங்கினாராம், "சினாயா, யன்னலைத் திற", "சினாயா, தண்ணி தா" என்று. கடைசி நாளிலும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் அழுதேன். எனக்கு என் பெரியண்ணாவை ஒரு தரம் பார்த்தது போல இருந்தது.

சில வருடங்கள் கழித்து இன்னொரு சாவு. அவர் சின்ன வயதில் ஒரே ஒரு தரம் கண்ட, கல்யாணமே முடிக்காத, குடும்பத்தின் மூத்த கிளையில் "லோர்ட்" பட்டம் வைத்திருந்த ஒன்றுவிட்ட சகோதரர். அந்தக் கிளையும் பட்டுப்போய், "சேர்" "லோர்ட்" ஆயிற்று. மலேசியக்காரர் இந்தத் தடவை கேக் வாங்கவில்லை, அனுதாபம் சொன்னார். மனைவி, "நான் கல்யாணம் கட்டினது ஒரு மிஸ்டரை" என்று சொல்லிவிட்டு உரம் அள்ளப் போனார். "லேடி உரம் அள்ளுறா" என்று நான் பகிடி பண்ணினால் மண்வெட்டியை ஓங்குவார். மகள் மட்டும் ஒருநாள், "இது ஏன் எனக்கு வராது?" என்று கேட்டாள். பெண்பிள்ளைக்குப் போகாதாம், அவரோடு முடிந்துவிடுமாம். அவர் குழாயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார், கொஞ்ச நாள் திரும்பவும் செடிகளெல்லாம் தண்ணீரில் நின்றன.

இப்போது அந்த நேர்சரி இருந்த இடத்தில் நெருக்கமாக வீடுகள். நான் ஆக்லாந்தின் தெற்கே தகனினியில் என் மகளோடு இருக்கிறேன். நான் தமிழில் கேட்க, அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். கனடாவில் சின்னண்ணாவுக்கு எழுபதும் தாண்டிவிட்டது, தலைமுழுக்க நரை, இன்னமும் சின்னண்ணாதான். சின்னையா போனபோது என் மகள்தான் மோட்டர்வேயில் என்னைத் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாதிரியார் பெயருக்கு முன்னால் "லோர்ட்", "லோர்ட்" என்று வாசித்தார், ஆண்டவரைச் சொல்கிறாரா எங்கள் ஆளைச் சொல்கிறாரா என்று எனக்கு இடைக்கிடை தடுமாறியது. ஒவ்வொரு தரமும் பெட்டிக்குள்ளிருந்து "நொட் யெட்" என்று ஒரு குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எல்லாரும் வரிசையாகப் போய்ப் பெட்டியில் கையை வைத்துவிட்டு வந்தார்கள். என் முறை வந்தது. பெட்டியில் கையை வைத்தேன். பின்னேர வேலை முடிந்து பையைத் தூக்கியது போலவே இருந்தது. வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"போட்டு வாறன், சின்னையா."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது, செத்தவீட்டில் சொல்லக்கூடாத சொல். சொன்னது சொன்னதுதான் என்று கையை எடுக்காமல் நின்றேன். பக்கத்தில் நின்ற அவருடைய மகள் என் கையைப் பிடித்தாள். தகப்பனிடம் கேட்டுக் கேட்டுப் பழகியதோ என்னவோ, அதே கரடுமுரடான நாக்கால் மெல்லச் சொன்னாள்:

"ஓம், வாங்கோ."