காட்டில் ஏழுமலையைத் தேடிய நாள்

கரடிக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே நடக்க வேண்டுமாம். கனடாவுக்கு வந்த இரண்டாவது கோடையில், நேஷனல் பார்க் வாசலில் எங்களுக்குச் சொன்ன முதல் விதி அது; ஆள் சத்தம் கேட்டால் கரடி விலகிப் போய்விடுமாம். பஸ்ஸில்கூட வாய்க்குள்ளேயே பேசுகிற இந்த ஊர்க்காரர்கள், மலை ஏறத் தொடங்கியதும் "ஹேய்... ஹோ!" என்று கத்துவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. உச்சியில் கோயில் கிடையாது. ஒரு ஏரியைப் பார்த்துவிட்டு, கொண்டுபோன ரொட்டியைத் தின்றுவிட்டு இறங்குவதற்காக அரை நாள் ஏறுகிறார்கள்.

என் கணவர் மெட்ராஸ்காரர். நடந்து பழக்கமில்லை, கால் வலித்துப் பின்தங்கினார். "வாய்க்கு இன்னா வருதோ அதைக் கத்திக்கினே போ," என்றார். வாயைத் திறந்தேன். வந்தது என் அண்ணன் பெயர். அதுவும் அம்மா கூப்பிடுகிற மாதிரியே: "ஏயுமலே! டேய், ஏயுமலே!" எதிர்ப்பாறையில் பட்டு அது அம்மாவின் குரலாகவே திரும்பி வந்தது.

எழுபதுகளின் நடுவில், மானாம்பதியில், எங்கள் நிலத்தில் நடவு நட்டவர்களின் மகளைக் கட்டிக்கொள்வேன் என்றான் இருபத்திரண்டு வயது ஏழுமலை. பயந்துபோன பெண் வீட்டார் அவளை எங்கேயோ அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை, நீலக்கட்டம் போட்ட சட்டையோடு, நாஷ்டாகூடத் தின்னாமல் அவன் புறப்பட்டுப் போனான். நைனா அவனைத் தலைமுழுகிவிட்டார். "செத்தவன் பேரு இந்த வூட்ல இன்னாத்துக்கு?" என்றார். யாரும் தேடப் போகவில்லை. அம்மா மட்டும், பழையசீவரம் மலைத் திருவிழாக் கூட்டத்தில் இருப்பான் என்று, என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி ஏறிக் கூப்பிட்டாள். மேளச் சத்தத்தில் அவள் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்கப்புறம் சோறு போடும்போது ஒரு தட்டை அதிகமாக எடுத்துவிட்டு, நைனா பார்ப்பதற்குள் உள்ளே வைத்துவிடுவாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நைனா "எங்குளுக்கு இந்தப் பொண்ணு ஒன்னுதான், வேற புள்ள கெடையாது" என்றார்.

கனடா மலையில் நான் மறுபடி கூப்பிட்டேன். நிறுத்த முடியவில்லை. வளைவிலிருந்து பார்க் வார்டன் ஒருவர் ஓடி வந்தார்.

"யாரைக் காணோம்? குழந்தையா?"

"என் அண்ணன்."

"வயது?"

"இருபத்திரண்டு."

"என்ன சட்டை?"

"நீலக்கட்டம்."

என் இங்கிலீஷ் அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில் சொல்ல வரும், நடுவில் மறித்து விளக்க வராது. அவர் விசிலை ஊதினார். ஏரியிலிருந்து இறங்கி வந்த நாலைந்து பேர் முதுகுப் பைகளை இறக்கிவைத்துவிட்டு மரங்களுக்குள் நுழைந்தார்கள். "எஸுமலாய்! எஸுமலாய்!" சொந்த அப்பன் தேடாதவனை, முகம் தெரியாத வெள்ளைக்காரர்கள் கூவித் தேடினார்கள். ஊசியிலை மரங்களுக்கு நடுவில் நீலமாக ஏதோ அசைந்தது. அவனேதான் என்று ஓரடி எடுத்து வைத்தேன். நீல ஜெர்கின் போட்ட ஒரு பெண் வெளியே வந்து, இல்லை என்று தலையாட்டினாள்.

அப்போதுதான் கணவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "யாரும்மா அது ஏயுமல?"

சொன்னேன். வார்டன் முன்னாலேயே, தமிழில், எல்லாவற்றையும்.

"உனக்கு அண்ணன் கீறாரா?"

"கீறான்," என்றேன். அந்தச் சொல்லோடு அழுகையும் வந்தது.

கணவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. வார்டனிடம் திரும்பி, தயங்கித் தயங்கி இங்கிலீஷில் விளக்கினார். வார்டன் விசிலை ஊதி எல்லோரையும் திரும்ப அழைத்தார். வீண் அலைச்சல் கொடுத்ததற்குத் திட்டப்போகிறார் என்று குறுகி நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"உங்கள் அண்ணன் இந்தப் பக்கம் வந்தால், நீங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள் என்று சொல்கிறேன்," என்றார்.

எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இறங்கும் வழியெல்லாம் யோசித்தேன். மானாம்பதி வீட்டு வாசலுக்கு ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு வருவான். அங்கே அவன் பெயரைச் சொல்ல ஆளில்லை. அவன் பெயரை இனி தினமும் சொல்லப்போகிற இந்தக் கனடா வீட்டுக்கு, அவனுக்கு வழி தெரியாது.