பின்பக்கத்து இரண்டு எழுத்து

அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து ஆட்டோ பிடித்து ஒரு பீங்கான் பட்டறைக்கு வந்திருக்கிறேன். பொம்மைக்கு அச்சு எடுக்கும் செல்வியம்மா என் பழைய வியட்நாம் காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நடுவில் சதுர ஓட்டை. பின்பக்கம், அதை வார்த்த ஊரைச் சொல்லும் இரண்டு எழுத்து. அந்த எழுத்து விலையைக் கூட்டப் பிற்பாடு யாரோ ஒட்டியது என்று நேற்று ஒரு நாணய வியாபாரி சொல்லிவிட்டார். காசைக் கொடுத்த புதுச்சேரி நண்பனின் போனை அப்போதிலிருந்து நான் எடுக்கவில்லை.

செல்வியம்மா ஈரமண்ணைத் தட்டி, காசை அழுத்தி, மெதுவாகத் தூக்குகிறார். எழுத்து இரண்டும் சுத்தமாகப் பதிந்திருக்கின்றன.

"ஒட்டுன எழுத்துன்னா ஓரத்துல மண்ணப் பிச்சிக்கினு வரும் சார். இது வழுக்கிக்கினு வருது பாருங்க. காசோடவே வார்த்ததுதான்."

"நிச்சயமாங்களா?"

"நீங்களே அழுத்திப் பாருங்க."

அழுத்துகிறேன். இழுக்காமல் வருகிறது. நான் படம் எடுப்பதற்குள் அவர் அந்த மண்ணைப் பிசைந்து உருட்டிவிடுகிறார்.

வாசலுக்கு வந்து நண்பனைக் கூப்பிடுகிறேன். போனை ஏன் எடுக்கவில்லை என்று திட்ட ஆரம்பிக்கிறான். திட்டத் திட்ட எனக்கு நன்றாக இருக்கிறது.