மாமா பாடாமல் போன பதில்

எங்கள் கடைசி ஆல்பம் வெளிவந்தபோது மாமா செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். அம்மா அப்பா போன பிறகு எனக்குக் குடிகாடு கிராமத்தில் இருக்கும் அக்கா வீடுதான் வீடு. கடலூர், சிதம்பரம் பக்கத்துத் திருவிழாக்களில் நானும் மாமாவும் ஜோடியாகப் பாடுவோம். பாட்டு என்ன பாட்டு, சண்டைதான். அவர் ஒரு வரி திட்டினால் நான் இரண்டு வரி திருப்பிக் கொடுப்பேன். மாமன் மச்சான் கேலிக்கு அளவு ஏது?

ஜனங்கள் கேட்டு வாங்கும் பாட்டு ஒன்று உண்டு. அதில் மாமா முதலில் என்னைத் திட்டி முடித்ததும் நான் பாடுவேன்:

"பாடையில நீ போனா மாமா
பந்தியில நான் மொத ஆளு
வடையும் பாயசமும் வரட்டும் மாமா
வழிச்சித் தின்ன நான் ஒரு ஆளு."

உடனே மாமா துண்டை உதறிக்கொண்டு பாய்வார். பேயாக வந்து என்னைப் பிடித்து ஆட்டும் ஆட்டத்தைப் பாடுவார் பாருங்கள், விசில் பறக்கும். ஜாஸ்தி சிரிப்பது என் அக்காதான். கடைசியில் ஜெயிப்பது எப்போதும் மாமா. பாட்டைக் கட்டியதே அப்படித்தான்.

சிதம்பரத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். அதற்குள் அவருக்கு நுரையீரலில் புற்று முற்றியிருந்தது. மற்ற பாட்டுகளை மூச்சு வாங்கி வாங்கி முடித்துவிட்டார். இந்தப் பாட்டில் என் வரிகள் முடிந்து, பதில் பாட அவர் வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது.

"இத விட்டுடலாம் மாமா," என்றேன்.

"அட போடா மச்சான், இத எடுத்துட்டா அப்புறம் என்னடா இருக்கு? ஒரு வாரம் போவட்டும். மூச்சு வந்ததும் வந்து பாடிட்டுப் போறேன்."

அந்த வாரத்திலேயே ஆள் போய்விட்டார்.

அந்தப் பாட்டை ஆல்பத்திலிருந்து தூக்கிவிடலாமா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். மாமா வேண்டும் என்று சொன்ன பாட்டை எப்படித் தூக்குவது? பதில் வர வேண்டிய இடத்தில் மேளத்தை மட்டும் ஓடவிட்டு வெளியிட்டோம். பாழாய்ப்போன அந்தப் பாட்டுதான் ஊரெல்லாம் பரவியது. டீக்கடையில் அது, ஆட்டோவில் அது. அக்கா மட்டும் கேட்கவில்லை. அவர் குரலைக் கேட்கப் பயமாக இருக்கிறது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, "போடுடா, கேக்கலாம்," என்றாள்.

மாமா என்னைத் திட்டும் முதல் வரிக்கே சிரித்துவிட்டாள். அவர் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அப்புறம் என் வரிகள் வந்தன. அப்புறம் மேளம். தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பாட்டு முடிந்துவிட்டது.

"அவுரு பதில் எங்கடா?"

"பாடலக்கா. மூச்சு வரல. ஆனா மாமாதான் இத எடுக்கக் கூடாதுன்னு சொன்னாரு."

"அவுரு பாடுறேன்னுதானடா சொன்னாரு. பாடாமப் போயிட்டாரே, அப்புறம் எதுக்குடா வெளிய வுட்ட?"

அவள் சொன்னதில் என்ன தப்பு?

"என் வூட்டுக்காரரு செத்துட்டாரு. நீ அவுரு கருமாதிக்கு வட பாயசம் கேட்டு ஊரு பூராப் பாடிக்கினு கெடக்குற. இனிமே இந்த வூட்ல கை நனைக்காத."

அதற்கப்புறமும் போனேன். கதவு திறந்துதான் கிடந்தது. அக்கா உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை.