தவமணி அக்காவின் லைலக் செடியும் தண்ணீர் கலக்காத பாலும்

தவமணி அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகன் மே மாதத் தொடக்கத்தில் கைபேசியில் சொன்னபோது, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் ஜான்-டலோன் சந்தையில் அக்காவும் நானும் வேலை செய்யும் காய்கறிக் கடையில் கீரைக்கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நித்திரையிலேயே மாரடைப்பாம். அதற்குப் பிறகு அன்று நான் வேலை செய்யவில்லை. மூலையில் ஒரு பெட்டியின் மேல் இருந்து அழுதேன்.

சந்தையில் அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய வாயும் தெரியும். திருகோணமலைக்காரரான அவர், யாழ்ப்பாணத்துக்காரியான என்னைக் கேலி செய்யாத நாளில்லை. கணவர் குலம் அண்ணை பக்கவாதத்தில் படுக்கையோடு ஆனபிறகு, கர்க்லாண்ட் புறநகர் வீட்டில் அவருக்கு உலகம் என்று மிஞ்சியது ஒரு ஜன்னலும் அதற்கு வெளியே நின்ற லைலக் செடியும்தான். ஊதாக் கொத்துகள் பூத்து வாசம் அறைக்குள் வரும்போது மட்டும் அண்ணை சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அக்கா இத்தனை பாடும் பட்டார்.

ஒரு கோடை முடிவில் இலைகளெல்லாம் மாப்பூசியதுபோல் வெளுத்தன. பூஞ்சண நோய்.

"வருத்தம் பிடிச்ச மரம் அம்மா, வெட்டி எறியுங்கோ" என்றான் மகன்.

"அப்ப கொப்பரையும் எறிவியோ?" என்று அக்கா அண்ணையின் கட்டிலைக் காட்டிக் கேட்டார்.

பாலில் நிறையத் தண்ணீர் கலந்து இலைக்குத் தெளித்துப் பாருங்கள் என்று கடைக்கு வரும் ஒரு பெண் சொன்னார். அக்காவுக்குக் கலக்க மனம் வரவில்லை. "சாமிக்கு வார்க்கிற பாலுக்கு ஆரும் தண்ணி கலப்பினமோ?" என்று தனிப்பாலைச் செடியின் தலையில் கவிழ்த்து அபிஷேகமே செய்துவிட்டார். வெயிலில் அது புளித்து நாறியது. எறும்பும், இரவில் குப்பை கிளறும் ரக்கூனும் படையெடுத்தன. அண்ணை இயங்கும் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். "பூவில்லாமலே சிரிக்க வைச்சிட்டன், பாத்தியே" என்று மறுநாள் கடையில் ஒரே பெருமை.

பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். பூ முடிந்த கையோடு நெருக்கமான தடிகளை எடுத்துக் காற்றோட விட்டார். உதிர்ந்த இலைகளை ஒன்றும் விடாமல் கூட்டி அள்ளினார். ஒவ்வொரு கொப்பு வெட்டியதும் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைப்பார். "ஒருத்தற்ற வருத்தம் மற்றவைக்குப் போகக்கூடாது" என்பார். தன் நெஞ்சுநோவை அவர் எங்களில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. எனக்கு அதில் இன்னும் கோபம்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் போனபோது இலைகள் நல்ல பச்சையாக இருந்தன. பூக்கள் முடியும் தறுவாய். அடுத்த ஆண்டுக்கான மொட்டு இந்தக் கோடையிலேயே பிடித்துவிடும் என்பதால், பிந்தி வெட்டினால் அடுத்த மே மாதம் பூ இராது. கத்தரிக்கோலோடு செடியடிக்குப் போனேன்.

"கொஞ்சம் பொறு, தங்கச்சி" என்று ஜன்னலுக்குள்ளிருந்து அண்ணையின் குழறிய குரல் கேட்டது. "தவம் இன்னும் பாக்கேல்லை."

செத்தவீட்டில் அவர் தன் கையாலேயே அக்காவுக்குப் பூப்போட்டவர். அவருக்குத் தெரியாததல்ல.

பொறுத்தேன். கொத்துகள் பழுப்பாகும்வரை ஒரு கிழமை பொறுத்து, அவர் நித்திரையாகும் நேரம் பார்த்து வெட்டினேன். அடுத்த மே மாதமும் அவர் சிரிக்கவேண்டும். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இந்த வேலையைத்தான். மகனே வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.