கையெழுத்து யார் போடுவது?

மூன்று வருஷ சர்வீசில் அனுபவக் குறிப்பா என்று ஆபிஸில் மூத்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மாத்தளை மிளகு ஸ்டோர் மூடப்படாமல் தப்பியதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

1. காலித் தராசு

சனிக்கிழமை காலை எட்டு மணி. தராசைத் துடைத்து, சாக்குகளை அடுக்கி வைத்திருந்தேன். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றார். பதினொரு மணிவரை ஒரு பிடி மிளகுகூட வரவில்லை.

துரை எங்கள் கம்பெனி மனேஜர், இங்கிலாந்துக்காரர். திட்டமும் அவருடையதுதான். மிளகுக்காரர்கள் முன்கூட்டியே அக்ரிமென்டில் கையெழுத்துப் போட வேண்டும். குறித்த நாளில், குறித்த விலைக்கு ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். அச்சடித்த படிவங்களை நாவுல வரைக்கும் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கிடைத்தது. "பாப்பம் தம்பி" என்றார்கள். அதைச் சம்மதம் என்று ரிப்போர்ட் எழுதியவனும் நானே.

கொழும்பு ஹெட் ஆபிஸ் கறாராகச் சொல்லிவிட்டது. மாதக் கடைசிக்குள் நாற்பது மூட்டை சேராவிட்டால் ஸ்டோருக்குப் பூட்டு. என் முதல் வேலையும் அதோடு போய்விடும்.

2. 'இன்னும் சண்டை வரலியே'

திங்கட்கிழமை இஸ்மாயில் நானாவைத் தேடிப் போனேன். நாவுலப் பக்கம் பெரிய மிளகுத் தோட்டம் அவருடையது. அவர் கொடுத்தால் அக்கம்பக்கமும் கொடுக்கும். எங்கள் படிவம் அவருடைய மகளின் பாடப் புத்தகத்துக்கு உறையாகியிருந்தது.

"ஏன் நானா கையெழுத்துப் போடல?"

"கடதாசி எப்ப எழுதுவாங்க தம்பி? வழக்குன்னு கோட்டுக்குப் போறப்ப. நமக்குள்ள இன்னும் சண்டையே வரலியே! முத்திரைக்கு மேல கையெழுத்து வச்சுத்தான் எங்க வாப்பாட பாதிக் காணி போச்சு."

"பஜார்ல மிளகு வாங்குற முதலாளிக்கு மட்டும் குடுக்குறீங்க?"

"அவரு மக கல்யாணத்துக்கு நான் போனேன். எங்க வீட்டு மவுத்துக்கு அவரு வந்து தோள் குடுத்தாரு. ஒங்க தொர கறுப்பா செவப்பான்னே எனக்குத் தெரியாது." பிறகு அவரே, "ஆனா முதலாளிட வெல இருக்கே, காலைல ஒண்ணு, பின்னேரம் ஒண்ணு" என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டு ஆபிஸுக்கு ஓடினேன்.

"சேர், அவங்க கையெழுத்துப் போட வேணாம். நீங்க மட்டும் போடுங்க. மாதக் கடைசிவரை விலை இறங்காதுன்னு."

துரை முன்பு தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்; தோட்டத் தமிழ் பேசுவார். "ஒரு ஆள் மட்டும் போட்டா அது என்ன அக்ரிமென்ட்? பைத்தியமா நீ?"

"கையெழுத்துப் போட்டவன் பேச்சு மாறமாட்டான்னு உங்க ஊரைப் பத்திச் சொல்வீங்களே, சேர். இங்க அதை யாரும் இன்னும் கண்ணால பாக்கல."

"மிளகுக்காரன் வேற ஆளுக்கு வித்தா?"

"விக்கட்டும் சேர். அவருக்கு அந்த உரிமை இருக்கு."

துரைக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. மறுநாள் காலை "ஜீப் எடு" என்றார்.

இஸ்மாயில் நானா வீட்டில் வெற்றிலைத் தட்டம் நீட்டினார்கள். துரை மறுக்கவில்லை. சுண்ணாம்பு கூடிப்போய் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வர, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு எல்லார் முன்னாலும் விலை எழுதிய கடதாசியில் கையெழுத்துப் போட்டு, "நீ கொண்டு வா" என்றார். நான் காதில் கிசுகிசுத்தேன். "நீங்க கொண்டு வாங்க" என்று திருத்திக்கொண்டார்.

3. தந்தி

அடுத்த வாரமே மிளகு விலை சரிந்தது. பஜாரில் மத்தியானத்துக்குள் இரண்டு தரம் இறக்கிவிட்டார்கள். ஹெட் ஆபிஸிலிருந்து தந்தி: உடனே விலையைக் குறைக்கவும்.

சேதி கேள்விப்பட்ட பஜார் முதலாளி ஸ்டோர் வாசலில் நின்று என்னைச் சீண்டினார். "என்ன கிளாக்கர் தம்பி, ஒங்க தொரட மை இன்னும் காயலியாமே? அழிச்சிரலாமாம்!"

துரை தந்தியை இரண்டு முறை வாசித்தார். பதிலை அவரே எழுதினார்: 'கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மாதக் கடைசிவரை பழைய விலை.' தபால் கந்தோருக்கு நான் நடந்து போனதாக ஞாபகமில்லை.

வியாழக்கிழமை இஸ்மாயில் நானாவின் மூட்டைகளோடு ஒரு லொறி வந்தது. பின்னால் மாட்டு வண்டிகள். நாவுல பஸ்ஸின் கூரையிலும் மிளகு மூட்டை! தராசுக்கு மூச்சுவிட நேரமில்லை. மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போதே நாற்பது தாண்டி ஐம்பத்து மூன்று. அன்று பின்னேரம் பஜார் முதலாளியே வந்தார்.

"தம்பி, எங்கிட்டயும் பத்து மூட்டை கெடக்கு. தொரட கையெழுத்து எனக்கும் செல்லுமா?"

செல்லும் என்றார் துரை. அறுபத்து மூன்று மூட்டை கொழும்புக்கு ஏறின. கேட்டதற்கு மேல் மூட்டை சேர்ந்ததால் ஹெட் ஆபிஸ் பூட்டுப் பேச்சை விட்டது; ஸ்டோர் இன்றும் திறந்திருக்கிறது.

நான் படித்துக்கொண்டது இதுதான். துரையின் ஊரில் கடதாசியைப் பார்த்து ஆளை நம்புகிறார்கள். நம் ஊரில் ஆளைப் பார்த்த பிறகே கடதாசி. திட்டம் போடுகிற மனேஜர் தன் ஊர்ப் பழக்கத்தையும் அதற்குள் சேர்த்துவிடுகிறார், அது அவருக்கே தெரிவதில்லை. அதைத் துணிந்து எடுத்துச் சொல்ல ஆபிஸில் ஓர் ஆள் வேண்டும். புதிதாக வருகிறவர்களே, அந்த ஆளாக இருங்கள்.